சிந்திய மின்சாரம் மூன்று மூட்டை

செம்புக் குடத்துக்குள் ஒரு வண்டு மாட்டிக்கொண்டு, வெளியே வரும் எண்ணமே இல்லாமல் முனகிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலையில், உமிக்களம் என்ற ஊரில் தையல்நாயகியின் வாசலில் அதைக் கேட்டேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெருவே திரண்டு நின்று அந்த முனகலைக் கேட்டது. அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல சங்கீதம் கேட்டுவிட்டேன். யாருக்கும் தீங்கு நினைக்காத அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. தீங்கெல்லாம் பிற்பாடு மனிதர்கள் செய்தது.

தையல்நாயகியிடம் ஒரு பேட்டரி ஆட்டோ இருந்தது. வாங்கிய இரண்டாம் வாரம் ஈரக் கையோடு பிளக்கைச் செருகப் போனாள். சுவர் அவளைத் தூக்கி முருங்கை மரத்தடியில் போட்டது. ஒரு மாதம் வலது கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. கை குணமான அன்றே, இனி எந்த ஒயரையும் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் வண்டி ஓடியாக வேண்டும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. உமிக்களத்திலிருந்து ரயிலடி பதினொரு கிலோமீட்டர். அவர் உட்கார்ந்திருக்க, வண்டி ரயிலடி வரை போய்த் திரும்பிவிட்டால் அந்த வழித்தடம் தையல்நாயகிக்கு. இல்லாவிட்டால் பக்கத்து ஊர் டீசல் வண்டிக்காரருக்கு. அவளுக்கு மறுபடியும் அண்ணன் வீட்டு அடுப்படி. புருஷன் போன பிறகு ஆறு வருஷம் அந்த அடுப்படியில் இருந்தவள். அதைப் பற்றி அவள் பேச மாட்டாள். யாராவது அண்ணியின் பெயரை எடுத்தால், துணியை எடுத்துக்கொண்டு வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவாள்.

அவளுக்கு உதவ ஊரில் ஒரு குழு அமைந்தது. மூன்று பேர். தலைவர் வைத்திலிங்கம், மாயவரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இரண்டு வருஷம் டார்ச் பிடித்தவர். பக்கிரிசாமி, நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து ஊதுகிறவர். முப்பது வருஷமாக ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர். கலியமூர்த்தி, களத்தில் நெல் அடிக்கிறவர், ஊரிலேயே பலசாலி. மூவரும் நல்லவர்கள். அதில் மாத்திரம் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பாலிடெக்னிக்கிலிருந்து ஸ்டெல்லா மேடம் ஒரு பெட்டியும் இரண்டு செம்புக் காயிலும் கொண்டுவந்து மாட்டினார்.

"தரையில ஒரு காயில், வண்டிக்கு அடியில ஒரு காயில்," என்றார். "கீழ இருக்கிறதுல இந்தப் பெட்டி கரண்டை முன்னும் பின்னும் ஓட விடும். ஒரு விநாடிக்கு எண்பத்தையாயிரம் தடவை. அப்ப அதைச் சுத்திக் காந்தம் மாறிக்கிட்டே இருக்கும். அதனால மேல இருக்கிற காயில்ல தானாக் கரண்ட் வரும். பேட்டரிக்குப் போயிடும். ஒண்ணையொண்ணு தொடவே வேண்டாம்."

"தொடாமலேயா?" என்றார் வைத்திலிங்கம்.

"தொடாமலே."

"மரியாதை தெரிஞ்ச மின்சாரம்," என்றார் பக்கிரிசாமி.

கலியமூர்த்தி எண்பத்தையாயிரத்தைச் சரிபார்க்க எண்ண ஆரம்பித்தார். முதல் விநாடியில் ஏழு வரைக்கும்தான் வர முடிந்தது. மறுபடியும் ஆரம்பித்தார். பெட்டி முனகியது, பச்சை விளக்கு எரிந்தது, தெரு கைதட்டியது. மேடம் ஒரு தாளில் விதிகளை எழுதி வைத்திலிங்கத்திடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மேடத்தின் தங்கைக்குத் தஞ்சாவூரில் கல்யாணம். "சந்தேகம் வந்தா போன் பண்ணுங்க. பெட்டியைத் திறக்காதீங்க. தாள்ல இருக்கிறபடி செஞ்சாப் போதும்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

தாளில் இருக்கிறபடிதான் செய்தார்கள். அவர்கள் மேல் அந்தக் குற்றம் சொல்ல முடியாது.

முதல் விதி: இரண்டு காயிலுக்கும் நடுவே எப்போதும் நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

"யாரு விரலு?" என்றார் கலியமூர்த்தி.

"எழுதினவங்க விரலாத்தான் இருக்கும்," என்றார் பக்கிரிசாமி.

"அவங்கதான் பஸ் ஏறிட்டாங்களே."

"போறப்ப விரலையும் கொண்டு போயிட்டாங்க. இனிமே நம்ம விரல்தான்," என்று தலைவர் தீர்ப்பு சொன்னார். "உன்னுதுதான் தடிமனா இருக்கு. வையி."

"அளந்துட்டு எடுத்துடலாமில்ல?"

"எப்போதும்னு எழுதியிருக்கு கலியமூர்த்தி. எடுத்துட்டா எப்போதும் எப்படி ஆகும்?"

கலியமூர்த்தி வண்டிக்கு அடியில் படுத்து நான்கு விரலை உள்ளே கொடுத்தார். அப்போது பக்கிரிசாமி தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டாவது வரியில நடுவுல எந்தப் பொருளும் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே," என்றார்.

வைத்திலிங்கம் கண்ணை மூடி யோசித்தார். "விரல் பொருள் இல்லப்பா. அளவு. ஒரு முழம் பூ வாங்குறோம். முழத்தையா தலையில வச்சுக்கிறோம்?"

பெட்டியைப் போட்டார்கள். கலியமூர்த்தியின் விரலில் சனி தோஷத்துக்குப் போட்ட இரும்பு மோதிரம் இருந்தது. அது சூடேறியது. இரண்டாவது நிமிஷத்தில் அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழி கூரை மேல் ஏறியது.

மேடத்துக்குப் போன் போட்டார்கள். "ஐயோ, இரும்பு கிட்டவே இருக்கக் கூடாதுங்க. சூடாயிடும். இரும்பு எது இருந்தாலும் எடுத்துடுங்க," என்றார் அவர்.

எடுத்தார்கள். மோதிரத்தை எடுத்தார்கள். வாளியை, மண்வெட்டியை, தையல்நாயகியின் சாவிக்கொத்தை எடுத்தார்கள். வாசல் கேட்டைக் கழற்றி அடுத்த தெருவில் சாய்த்து வைத்தார்கள். கதவிலிருந்து ஆணிகளைப் பிடுங்கினார்கள். கதவு தானாகவே படுத்துக்கொண்டது. இவ்வளவும் செய்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே அது நின்றது.

"அடேயப்பா, இவ்வளவு பெரிய இரும்பைப் பார்க்காம விட்டுட்டோமே!" என்றார் வைத்திலிங்கம்.

மூன்று பேரும் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போய்க் குளத்தங்கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். பெட்டியைப் போட்டார்கள். தரைக் காயில் தனியாக முனகியது.

"எவ்வளவு சுத்தமா ஓடுது பாரு," என்றார் பக்கிரிசாமி.

தையல்நாயகி கடைக்குப் போயிருந்தவள் வந்தாள். "என் வண்டி எங்க மாமா?"

"இரும்பும்மா அது."

"வண்டியை இரும்புல செய்யாம பின்ன பனங்கிழங்குலயா செய்வாங்க? எதுக்குச் சார்ஜ் ஏத்துறீங்க இப்ப?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கோணத்தில் அவர்கள் யோசித்திருக்கவில்லை.

"மாமா, வெள்ளிக்கிழமை வண்டி ஓடணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. வைத்திலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கோபத்தை வெளியே காட்டாமல் அவள் கண்ணாடியைத் துடைத்தாள்.

மூன்றாவது விதி பக்கிரிசாமிக்கென்றே எழுதியது போல இருந்தது. பாமரர்களுக்குப் புரியட்டுமென்று மேடம் இப்படி எழுதியிருந்தார்: இரண்டு காயிலும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்கும்.

பக்கிரிசாமி குளித்து, விபூதி இட்டு, ஒத்தை எடுத்துக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊத ஆரம்பித்தார். அரை மணி கழித்து நிறுத்தி, "மேல் காயில் சேர்ந்துடுச்சு. கீழ் காயில்தான் கொஞ்சம் கமறுது," என்றார்.

"என்ன செய்யலாம்?"

"விடாம ஊதணும். நிறுத்தினா இறங்கிடும். முப்பது வருஷமா நான் பாத்தது இதைத்தான். நான் நிறுத்தினா நாதஸ்வரக்காரரே இறங்கிடுவார்."

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும், சாப்பாட்டு நேரம் போக, உமிக்களத்தில் அந்த ஒரே ஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மாடுகள் கறவை நின்றுவிட்டன.

புதன்கிழமை மேடமே போன் செய்து விசாரித்தார். "சார்ஜ் ஏறுதா? நூறு கொடுத்தா எண்பதாவது போய்ச் சேரும். இருபது நடுவுல வீணாப் போகும். அதைக் கொஞ்சம் குறைக்கப் பாருங்க," என்றார்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு மறுபடியும் விரலைக் கொடுத்துப் படுத்திருந்த கலியமூர்த்தி இப்போது வண்டிக்கு அடியிலிருந்து பேசினார். அவர் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் ஆயிற்றே.

"படுதா விரிக்காம நெல்லு அடிச்சா இதைவிட மோசமா சிந்தும். இது நம்ம தப்பு அண்ணே. மேடம் பேர்ல குத்தமில்ல."

களத்துப் படுதாவைக் கொண்டுவந்து வண்டியின் அடியிலும் சுற்றிலும் விரித்தார்கள். சாயங்காலம் நாலு முனையையும் பிடித்துத் தூக்கி நடுவில் குவித்தார்கள். கொஞ்சம் சேர்ந்துதான் இருந்தது.

"மண்ணு மாதிரி இருக்கே," என்றார் பக்கிரிசாமி, ஒத்தை ஒரு நொடி வாயிலிருந்து எடுத்துவிட்டு.

"வீணாப் போனது வேற எப்படி இருக்கும்?" என்றார் வைத்திலிங்கம். "அங்க போய்ச் சேர்ந்த எண்பதுதான் பளபளன்னு இருக்கும்."

கலியமூர்த்தி முறத்தில் போட்டுப் புடைத்தார். லேசானது பறந்தது, கனமானது தங்கியது. காற்றில் பறந்ததும் மின்சாரம்தானே என்று தெருவையும் கூட்டி அள்ளினார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் மூன்று மூட்டை ஆயிற்று. வாயைத் தைத்து, ஈரம் ஏறாமல் பலகை மேல் அடுக்கினார்கள். பிள்ளைகள் யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்தார்கள். ஒரு பிள்ளை தொட்டது. ஒன்றும் ஆகவில்லை.

"எப்படி உலர்ந்திருக்கு பாத்தியா!" என்றார் கலியமூர்த்தி பெருமையாக.

நான்காவது விதிதான் எல்லாரையும் வாட்டியது. வண்டிக் காயில் தரைக் காயிலுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஒரு விரல்கூட விலகக் கூடாது. தையல்நாயகி காலையில் ஒரு சுற்று போய்வந்து நிறுத்துவாள். ஒரு சாண் விலகியிருக்கும். உடனே வண்டி நிற்கும் இடத்தில் புதுப் பள்ளம் தோண்டித் தரைக் காயிலை அங்கே பதிப்பார்கள். மறுபடி போய்வருவாள், மறுபடி தோண்டுவார்கள். வியாழக்கிழமை காலைக்குள் வாசலில் எட்டுப் பள்ளம்.

"மாமா, நான் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தறேனே," என்றாள் அவள்.

"சும்மா இரும்மா. வண்டி நகர்றதுதான் பிரச்சினையே."

வைத்திலிங்கம் எட்டாவது பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். பிறகு எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் சம்சாரம்கூடப் பார்த்ததில்லையாம்.

"தரைக் காயிலை வண்டியிலயே கட்டிட்டா?"

ஊதிக்கொண்டிருந்த ஒத்து நின்றது.

தென்னங்கயிற்றால் கட்டினார்கள். மேல் காயில், நான்கு விரல், கீழ் காயில். இனி வண்டி எங்கே போனாலும் ஒரு நூலும் விலகாது. தையல்நாயகி வண்டியைத் திருப்பப் பத்தடி ஓட்டினாள். சுவரோடு இணைந்திருந்த ஒயர் இழுபட்டு, சுவிட்ச் பலகை சுவரைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு, நாய்க்குட்டி மாதிரி வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது.

"இப்பக் கரண்டுக்கு எங்க போறது?" என்றார் கலியமூர்த்தி.

"வண்டியில யாருகிட்டயாவது கரண்ட் இருக்கா?" என்றார் வைத்திலிங்கம்.

"பேட்டரிகிட்ட இருக்கு."

"அப்புறம் என்ன? பேட்டரிலேருந்து பெட்டிக்கு. பெட்டிலேருந்து கீழ் காயிலுக்கு. கீழ் காயில்லேருந்து மேல் காயிலுக்கு. அங்கேருந்து பேட்டரிக்கு. வண்டிக்கு வண்டியே சார்ஜ் போட்டுக்கும். யார்கிட்டயும் கையேந்த வேண்டியதில்ல."

"எத்தனை நாளைக்கு ஓடும்?"

"உலகம் உள்ள வரைக்கும். நடுவுல இருபது சிந்தும், அவ்வளவுதான்."

இருபதைப் பிடிக்கப் படுதாவை வண்டிக்கு அடியில் ஏணை போலக் கட்டினார்கள். மேடத்தைக் கேட்கலாமென்று போன் போட்டார்கள், எடுக்கவில்லை. "கல்யாண வீட்டுல எங்க ஆளுங்க வாசிக்கிறப்ப எதுவும் கேக்காது," என்றார் பக்கிரிசாமி.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பெட்டியைப் போட்டார்கள். பச்சை விளக்கு எரிந்தது. நியாயப்படி எரிந்திருக்கக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. வாரம் முழுக்க இவர்கள் சாப்பிடப் போன நேரங்களில் வண்டிக்கு எப்படியோ கொஞ்சம் சார்ஜ் ஏறியிருந்தது, அதுதான் எரிந்தது. தையல்நாயகி அந்த விளக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். அண்ணனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம்.

அதிகாரியின் பெயர் சத்தியசீலன். கையில் படிவம். படிவம் கேட்பதை மட்டும் பார்க்கிற மனிதர். வழியில் வாய்க்கால் முழுக்க அல்லி பூத்திருந்தது, அதைப் படிவம் கேட்கவில்லை. ஆய்வு முடியும் வரை ஆய்வாளர் இருக்கையைவிட்டு எழக் கூடாது என்று அதில் போட்டிருந்ததால் ஏறி உட்கார்ந்து இடுப்பைப் பெல்ட்டால் கட்டிக்கொண்டார்.

அவர் பக்கத்தில் பக்கிரிசாமி ஒத்தோடு. காலடியில் மூன்று மூட்டை. அதன் மேல் வைத்திலிங்கம், தாளோடு. கலியமூர்த்தி மட்டும் ஏறவில்லை. நான்கு விரலை உள்ளே கொடுத்திருந்ததால் குனிந்தபடி கூடவே ஓடினார்.

இரண்டாவது கிலோமீட்டரில் பச்சை விளக்கு மங்கியது. வண்டி பெருமூச்சு விட்டது. நின்றது.

"பதட்டப்படாதீங்க," என்று வைத்திலிங்கம் ஒரு மூட்டையின் தையலைப் பிரித்தார். "கைவசம் இருப்பு இருக்கு."

மூட்டையைத் தூக்கிப் பேட்டரியின் மேல் கவிழ்த்தார். அதிகாரி பதினொரு தும்மல் தும்மினார். இரண்டாவது மூட்டையைக் கவிழ்த்தார். மூன்றாவதையும் கவிழ்த்தார். வண்டி அசையவில்லை.

"பழைய மின்சாரம். வீரியம் போயிருக்கும்," என்றார்.

தையல்நாயகி ஹேண்டிலின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "நான் அங்க போக மாட்டேன் மாமா," என்றாள். "அண்ணி எனக்குச் சோத்தைத் தட்டுல போட மாட்டாங்க. சட்டியோட தள்ளுவாங்க. ஆறு வருஷம் அந்தச் சட்டி தரையில உரசுற சத்தத்தைக் கேட்டிருக்கேன்."

ஒத்து ஒலித்துக்கொண்டிருந்தது.

கலியமூர்த்தி குனிந்த நிலையிலேயே கேட்டார்: "ஏம்மா தையலு, வண்டி நிக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவர் நான்கு விரலையும் வெளியே எடுத்தார். அன்று காலையிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்து நின்றார். வண்டியின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்.

மீதி ஒன்பது கிலோமீட்டரும் போய், ரயிலடியைச் சுற்றிக்கொண்டு, பதினொரு கிலோமீட்டரும் திரும்பி வந்தார்கள். சாயங்காலம் நாலே கால். எவ்வளவு நேரத்தில் என்று படிவம் கேட்கவில்லை. தையல்நாயகி ஓட்டினாள், திருப்பத்தில் எல்லாம் கை காட்டினாள். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். புகை: இல்லை. இன்ஜின் இரைச்சல்: இல்லை. பெட்ரோல், டீசல்: இல்லை. ஹாரன்: மிக நன்று, தொடர்ச்சியானது.

வாசலில் இறங்கும்முன் கலியமூர்த்தியைக் கூப்பிட்டார். "காலையில என்ன ஏத்துனீங்க?"

"பழைய சோறுங்க. ரெண்டு வெங்காயம்."

"ஒயர் எதுவும் உண்டா?"

"எங்கிட்டயா? இல்லீங்க."

சான்றிதழ் மறு வாரம் வந்தது. நான் கையில் வாங்கிப் படித்தேன். இயக்கும் மின்கலம்: கலியமூர்த்தி. எடை: எண்பத்திரண்டு கிலோ. மின்னேற்றம்: கம்பியில்லாமல், வாய் வழியாக. வழித்தடம் தையல்நாயகிக்கே வழங்கப்பட்டிருந்தது.

கலியமூர்த்தி தள்ள, ஐந்து வருஷம் ஓட்டினாள். உமிக்களத்துக்காரர்கள் ரயிலைப் பிடிக்க அதற்கு முந்தின நாளே ஏறி உட்கார்ந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. வண்டி ஒரு நாள்கூட நின்றதில்லை.

பிறகு ஒரு புதுப் படிவம் வந்தது. ஐந்து வருஷமான மின்கலத்தை மாற்றியாக வேண்டும். சத்தியசீலன் கலியமூர்த்தியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா விதி," என்றார்.

மூன்று பேரும் திருவாரூருக்குப் போனார்கள். பேட்டரிக் கடைக்காரர், "பழசைக் கொடுத்தாத்தான் புதுசு தருவோம்," என்றார்.

"கொண்டாந்திருக்கோம்," என்றார் வைத்திலிங்கம்.

கடைக்காரர் சான்றிதழைப் படித்தார். கலியமூர்த்தியைப் பார்த்தார். மறுபடியும் சான்றிதழைப் படித்தார். "லீக் இருக்கா?" என்றார்.

"வேர்க்கும். மத்தபடி ஒண்ணுமில்ல."

ரசீது போட்டுக் கொடுத்தார். புதுப் பேட்டரியை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

தையல்நாயகி இப்போதும் அந்த வழித்தடத்தில்தான் ஓட்டுகிறாள். கலியமூர்த்தி திருவாரூரில், அந்தக் கடையின் பின்கட்டில், மற்றப் பழைய பேட்டரிகளோடு இருக்கிறார்.